கதவடைத்த களம்

உலகம் காணச் செய்யும் செயலுக்குள்ள பெருமை, ஒருவரும் காணாமல் செய்யும் செயலுக்கும் உண்டா? பிறர் கண் படாத இடத்தில் ஒருவன் பெறும் வெற்றி வெற்றியாகுமா? அங்கே அவன் அடையும் தோல்விதான் தோல்வியாகுமா? இவை பழைய வினாக்கள். எனினும், பொன்முடி மலையில் ஒரு மழைநாளில் இவை புதிய வினாக்களாக நம் முன் வந்து நின்றன. அன்று தோன்றிய எண்ணங்களை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொன்முடி அயலிடம் அன்று. நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். அதற்குத் தென்கிழக்கே 1,868 மீட்டர் உயர்ந்து நிற்பது அகத்தியர்கூடம். தமிழுக்கு இலக்கணம் வகுத்தவரென மரபு போற்றும் முனிவரின் பெயர் தாங்கிய அம்மலைத்தொடரைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்னும் ஆசையோடு நாம் சில குடும்பத்தினர் சேர்ந்து சென்றோம். ஆனால், மேலே சென்று சேர்வதற்குள் மேகம் இறங்கிவிட்டது. மலை மறைந்தது, பள்ளத்தாக்கு மறைந்தது, பத்தடி தொலைவில் நின்ற வண்டியும் மறைந்தது. மழைக்கு ஒதுங்கி விடுதியொன்றில் புகுந்தோம்.

வரவிருந்த ஆண்டுவிழாவில் பிள்ளைகள் ஒரு பட்டிமன்றம் நடத்துவதாக இருந்தது. கிடைத்த நேரத்தை வீணாக்காமல், இரு கட்சியினரும் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டனர். உள்ளிருந்து வாதமும் சிரிப்பும் கேட்டன. பெற்ற மனம் பொறுக்குமா? கதவைத் தட்டினோம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தலையை மட்டும் வெளியே நீட்டி, "மாமா, இப்ப யாரும் உள்ள வரக்கூடாது. நாங்க இன்னும் தப்புப் பண்ணி முடிக்கல" என்றான்.

நாம் சிரித்தோம். ஆனால், அவன் சிரிக்கவில்லை. அமெரிக்கக் கல்லூரியொன்றில் படிக்கும் தன் அண்ணன் சொன்ன செய்தியொன்றைத் தனக்குச் சான்றாகக் காட்டினான். அங்கே கூடைப்பந்து ஆடும் கல்லூரி அணிகள், பருவம் தொடங்குமுன் வேறொரு கல்லூரி அணியை அழைத்துக் கதவடைத்து ஆடுமாம். அப்பாவும் அம்மாவும்கூட உள்ளே போக முடியாதாம். சொல்லி முடித்ததும் கதவு மீண்டும் மூடிக்கொண்டது. வெளியே நின்ற நமக்குச் சிந்திக்க ஒரு பொருள் கிடைத்தது.

கூடைப்பந்தின் வரலாறு நம்மவர்க்கு முற்றும் புதியதன்று. 1891 திசம்பரில், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் மாணவர் கூரைக்குக் கீழேயே ஆடுதற்கென ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் வகுத்த ஆட்டம் அது. பழம் சுமக்கும் கூடைகளை உயரத்தில் அறைந்து பந்தெறிந்தமையால் அப்பெயர் பெற்றது. அதே நகரின் கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவியவர். எனவே, அவ்வாட்டத்தின் குலவழியில் நமக்கும் ஒரு கிளையுறவு உண்டு.

இன்று அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய அக்டோபரில் நடப்பனவே சிறுவன் சொன்ன கதவடைத்த ஆட்டங்கள். பார்வையாளர் இல்லை, செய்தியாளர் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. நடுவர் உண்டு, ஆனால், புள்ளிக்கணக்கு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வென்றவர் வெற்றிக் கணக்கில் ஒன்று கூடுவதுமில்லை, தோற்றவர் தோல்விக் கணக்கில் ஒன்று சேர்வதுமில்லை. இரு பயிற்றாளரும் தமக்குள் பேசி, ஆட்டத்தின் போக்கையே தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பாதி ஆட்டம் முடிந்ததும் புள்ளிகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். 'இரண்டே நிமிடம் உள்ளது, மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறோம்' என்று ஒரு நெருக்கடியைக் கற்பித்துக்கொண்டு அதனை மட்டும் மீண்டும் மீண்டும் ஆடிப் பார்க்கலாம். முடிவில், எதிரணிப் பயிற்றாளரே அருகில் வந்து, 'உங்கள் ஆட்டத்தில் நான் கண்ட குறை இது' என்று எடுத்துச் சொல்வதும் உண்டு.

கணக்கில் சேராத ஆட்டத்தை ஏன் ஆட வேண்டும்? தன் அணிக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினால் போதாதா? போதாது என்பதே பயிற்றாளர் பட்டறிவு. நாள்தோறும் உடன் ஆடுபவன் நம் பழக்கங்களை அறிவான். அவற்றுக்கு ஏற்பத் தன்னை அறியாமலே வளைந்துகொடுப்பான். அயலவன் அவ்வாறு வளைவதில்லை. நம் இடக்கையின் தளர்ச்சியை நண்பன் மறந்துவிடுகிறான். எதிரி ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடிக்கிறான். ஆகவே, குறையைக் காண எதிரி வேண்டும். ஆனால், அக்குறையைக் கண்டு கைகொட்டும் கூட்டம் அப்போது வேண்டா. இந்த இரண்டு தேவைகளும் கூடும் இடமே கதவடைத்த களம்.

இது மேலைநாட்டார் புதிதாகக் கண்ட உண்மையா என்றால், இல்லை. நாம் வாழும் இம்மலைநாட்டின் களரியைப் பாருங்கள். மரபான குழிக்களரி நிலமட்டத்திற்குக் கீழே தோண்டப்படுவது. நீளம் 42 அடி, அகலம் 21 அடி, வாயில் கிழக்கே, தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை. நம் நகரின் கிழக்குக் கோட்டையை அடுத்து 1956 முதல் இயங்கிவரும் சி.வி.என். களரியிலும் பயில்வோர் படியிறங்கியே களம் புகுகின்றனர். மெய்த்தாரி, கோல்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை எனப் பயிற்சி படிப்படியாக வளர்கிறது. உயிர்நிலைகளைப் பற்றிய அறிவோ, குணம் அறியப்பட்ட மாணவனுக்கே இறுதியில் வழங்கப்படுகிறது. ஆனால், பழங்காலத்தில் வழக்குத் தீர்க்க நடந்த அங்கப்போர் எங்கே நடந்தது? குழியில் அன்று, ஊரார் யாவரும் காணும்படி உயர்த்திக் கட்டிய அங்கத்தட்டில் நடந்தது. பயில்வதற்குப் பள்ளம், பொருவதற்கு மேடு! ஒரு சமுதாயத்தின் மெய்யறிவு அதன் மண்ணிலேயே எழுதப்பட்டிருப்பதை இங்கே காண்கிறோம்.

நம் சிலப்பதிகாரமும் இதனையே காட்டுகிறது. மாதவி ஐந்தாம் ஆண்டில் கலை பயிலத் தொடங்கினாள், ஏழாண்டு பயின்றாள், பன்னிரண்டாம் ஆண்டில் சோழ மன்னன் அவையில் அரங்கேறினாள், தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். காப்பியம் நமக்கு விரித்துக் காட்டுவது அரங்கேறிய அந்த ஒரு நாளை. அந்த ஒரு நாளுக்குப் பின்னே ஏழாண்டுகள் நிற்கின்றன. அவ்வேழாண்டில் அவள் எத்தனை முறை தாளம் பிழைத்தாளோ, எத்தனை முறை ஆசான் கடிந்தாரோ, நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பொன்முடியே அண்மையில் இதற்கு ஒரு சான்றளித்தது. 2023 அக்டோபரில் ஆசிய மலைமிதிவண்டி வாகையர் போட்டி இம்மலையில் நடைபெற்றது. பல நாட்டு வீரரும் வந்தனர். அத்தகைய போட்டிகளில் போட்டி நாளுக்குமுன் வீரர்க்குத் தடம் திறந்துவிடப்படும். எந்தப் பாறையில் சக்கரம் வழுக்கும், எந்த வளைவில் தடை பிடிக்க வேண்டும் என்பதை அவர்கள் விழுந்து எழுந்தே கற்றுக்கொள்கின்றனர். அந்த வீழ்ச்சிகளைக் கணக்கிடுவார் இல்லை. கடிகாரம் ஓடுவது போட்டி நாளில்தான்.

இதுகாறும் கூறியவற்றால், மறைவில் பயில்வது நன்றே எனத் துணிந்துவிடலாமா? அவசரம் வேண்டா. எதிர்வாதமும் வலிமையுடையது, அதனையும் கேட்போம்.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் ஒரு கதை சொல்கிறார். கைஜீஸ் என்னும் இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைத்தது. அதனைத் திருகினால் அவன் பிறர் கண்ணுக்குப் புலனாக மாட்டான். மறைவு கிடைத்ததும் அவன் என்ன செய்தான்? அரசியைக் கவர்ந்தான், அரசனைக் கொன்றான், ஆட்சியைப் பற்றினான். காண்பார் இல்லையெனில் நல்லவனும் தீயவனும் ஒன்றுபோலவே நடப்பர் என்பது அக்கதையைச் சொல்வோனின் வாதம். கதவை மூடிய அறைகளில் உலகில் நடந்த கொடுமைகளை எண்ணினால், இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. பயிற்சி என்ற பெயரால் அடித்த ஆசான்கள் இல்லையா? ஒழுங்கு என்ற பெயரால் இளையோரைத் துன்புறுத்திய மூத்த மாணவர் இல்லையா? 'வெளியில் சொல்லாதே' என்னும் ஒரு சொல், எத்தனை பிள்ளைகளின் வாயைப் பூட்டியிருக்கிறது!

ஆகவே, பிழை வேறு, குற்றம் வேறு என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பிழை என்பது கற்பவன் தன் முயற்சியில் தவறுவது. அதனால் அவனுக்கே நட்டம். குற்றம் என்பது ஒருவன் மற்றவனுக்குத் தீங்கிழைப்பது. பிழைக்கு மறைவிடம் வேண்டும். அது கற்பவனின் உரிமை. குற்றத்துக்கு மறைவிடம் தரலாகாது; அது தீங்குற்றவனின் உரிமையைப் பறிப்பதாகும். கதவடைத்த கூடைப்பந்து ஆட்டத்திலும் பார்வையாளர்தாம் விலக்கப்படுகின்றனர், நடுவர் விலக்கப்படுவதில்லை. கூட்டம் இல்லாத இடத்திலும் விதி உண்டு. நம் வீட்டுக் கதவுகளுக்கும் பள்ளிக் கதவுகளுக்கும் இதுவே அளவுகோலாக வேண்டும். உள்ளே நடப்பதைப் பற்றி வெளியே வந்து சொல்லப் பிள்ளைக்கு அச்சம் இருக்குமானால், அக்கதவு மூடியிருக்கவே கூடாத கதவு.

மற்றோர் எதிர்வாதம், மறைவுக்கு விலை உண்டாவதைப் பற்றியது. 2018 மே மாதத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பினால், விளையாட்டுப் பந்தயச் சூதை மாநிலங்கள் தம் விருப்பம்போல் அனுமதிக்க வழி பிறந்தது. அதன்பின், எந்த வீரனுக்குக் கணுக்கால் வலி, எந்தப் புதியவன் நன்றாக எறிகிறான் என்னும் சிறு செய்தியும் பணமாக மாறத்தக்கதாயிற்று. கதவடைத்த ஆட்டத்தின் புள்ளிகளும் எப்படியோ கசிந்து வெளிவருவதுண்டு. மாணவர்க்கு அடைக்கலமாக மூடிய கதவு, சிலர் மட்டும் அறிந்து ஆதாயம் பெறும் இரகசியமாக மாறினால், அதன் அறம் அழிந்துவிடுகிறது. அடைக்கலத்துக்கும் இரகசியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே: அடைக்கலம் உள்ளிருப்பவனைக் காக்கிறது, இரகசியம் அறிந்தவனைக் கொழுக்கச் செய்கிறது.

கதவைத் திறப்பதே அறமாகும் வேளையும் உண்டு. 2017இல் பெரும்புயல்கள் அமெரிக்காவைத் தாக்கி மக்கள் வீடிழந்தபோது, கான்சஸ், மிசௌரி என்னும் இரு பல்கலைக்கழக அணிகள் அக்டோபர் 22 அன்று மக்கள் முன்னிலையில் ஒத்திகை ஆட்டம் ஆடின. நூற்றாண்டுப் பகைமை உடைய அவ்வணிகள் 2012க்குப் பின் அதுவரை எதிரெதிரே ஆடியிருக்கவில்லை. அன்று திரண்ட ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் துயர் துடைக்கச் சென்றது. 2025ஆம் ஆண்டு விதியே தளர்ந்தது. அறப்பணி என்னும் நிபந்தனை இன்றியும், முதற்பிரிவு அணிகள் தமக்குள் மக்கள் காண ஒத்திகை ஆட்டம் ஆடலாம் என்றாயிற்று. எனவே, மூடுவதே உயர்வு என்றோ, திறப்பதே உயர்வு என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது. யாருக்காக மூடுகிறோம், யாருக்காகத் திறக்கிறோம் என்பதே வினா.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். சொல்ல நாணமாக இருப்பினும், சொல்லாது விடுவது முறையன்று.

சில ஆண்டுகட்கு முன், நம்மவர் விழா ஒன்றில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மேடையேறினாள். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ் என இரு மொழிகளுக்கிடையே வளரும் குழந்தை. தனக்குத் தமிழ் தெரியும் என்று பெருமையோடு சொல்ல நினைத்தவள், "எனக்குத் தமிழ் அறியாம்" என்றாள். மலையாளத்தில் அது 'தெரியும்' எனப் பொருள்படும். அவையில் இருந்த நம் செவிக்கோ அது அறியாமைபோல் ஒலித்தது. அரங்கம் முழுவதும் சிரித்தது. அச்சிரிப்பில் பகை இல்லை. அன்புதான் இருந்தது என்று நாம் நமக்குள் சொல்லிக்கொள்கிறோம். ஆனால், அக்குழந்தைக்கு அது தெரியுமா? அவள் பேச வந்ததைப் பேசாமலே இறங்கினாள். அதன்பின் எந்த விழாவிலும் அவள் மேடையேறக் கண்டிலோம். இப்போது வளர்ந்துவிட்டாள், நம்மிடம் மலையாளத்திலேயே பேசுகிறாள், பணிவோடும் இனிமையோடும். அவ்வினிமைதான் நம்மைச் சுடுகிறது. அன்று சிரித்தவருள் நாமும் இருந்தோம்.

எண்ணிப் பார்த்தால், அச்சிறுமி செய்தது சிறு பிழை. நாம் செய்தது பெருங்குற்றம். கற்கும் பிள்ளையைக் குழியில் இறக்காமல், நேரே அங்கத்தட்டில் ஏற்றிவிட்டோம். ஒத்திகை இல்லை, பிழை செய்து பார்க்க ஓர் அறை இல்லை, 'இச்சொல் அங்கே அப்படி, இங்கே இப்படி' என்று எடுத்துச் சொல்ல ஓர் எதிரணித் தோழியும் இல்லை. விழா நாளில் நிழற்படக் கருவிகளோடு வந்து அமர்ந்தோம்; நம் மொழிப்பற்றின் சான்றாகப் பிள்ளை நன்கு பேச வேண்டும் என எதிர்பார்த்தோம். வள்ளுவர் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார் என்று மேடையில் முழங்குகிறோம். ஆனால், அவ்வஞ்சாமை அவையிலேயே பிறப்பதன்று. அவைக்கு வெளியே, அஞ்சத் தேவையில்லாத ஓரிடத்தில் வளர்ந்து, பின்னர் அவைக்கு வருவது என்பதை மறந்துவிட்டோம்.

குடிபெயர்ந்து வாழ்வோர்க்கு இத்துன்பம் மிகுதி. சொந்த ஊரில் பிள்ளை தெருவிலே தமிழில் பிழை செய்யும், தெருவே திருத்தும், ஒருவரும் அதனைக் குறித்துவைப்பதில்லை. அங்கே ஊர் முழுவதும் ஒரு பயிற்சிக்களம். இங்கோ, தமிழ் பேசும் வாய்ப்பு வீட்டிலும் விழாவிலும் மட்டுமே வாய்க்கிறது. வாய்ப்பு அரிதாகும்போது ஒவ்வொரு சொல்லும் தேர்வாகிவிடுகிறது. திருவனந்தபுரமானாலும் சிங்கப்பூரானாலும் நியூ ஜெர்சியானாலும், நம் பிள்ளைகள் தாய்மொழியைத் துறப்பது பெரும்பாலும் வெறுப்பினால் அன்று, நாணத்தினால். அந்த நாணத்தை ஊட்டியவர் அயலார் என்று நாம் பழி சொல்லிவிட முடியாது.

ஆயின், கதவடைத்தல் என்றும் அடைத்துக்கொண்டே இருத்தல் ஆகாது. 'பிழை வந்துவிடும்' என்று அஞ்சி அறைக்குள்ளேயே பயின்றுகொண்டிருப்பவன், பயில்பவன் அல்லன், ஒளிபவன். அக்டோபர் ஆட்டத்துக்குப் பொருள் தருவது நவம்பர் ஆட்டம். குழியிலிருந்து ஏறிவரப் படிகள் உண்டு. மேலும், பிறர் குறித்துவைக்காத தோல்வியைத் தான் குறித்துவைத்துக்கொள்ளும் நேர்மை உள்ளே இருப்பவனுக்கு வேண்டும். 'கணக்கில் சேராத ஆட்டந்தானே' என்று தோல்வியைத் தள்ளிவிட்டு, 'நாங்கள் வென்றோம்' என்று வெற்றியை மட்டும் வெளியே கசியவிடுபவன், கதவடைத்ததன் பயனை இழந்தவன். காண்பார் இல்லாத இடத்தில் கணக்கை நெஞ்சமே வைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. கைஜீஸின் மோதிரத்துக்கு விடையும் அதுவே.

ஆகவே, நம் சங்கங்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள் விடுக்கிறோம். ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு மாதம் முன்னதாக, பிள்ளைகளுக்கென ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவோம். இரு வீட்டுப் பிள்ளைகள் அல்லது இரு ஊர்ப் பிள்ளைகள் எதிரெதிரே அமர்ந்து பேசட்டும். நன்கறிந்த, நகையாத பெரியவர் ஒருவர் நடுவராக உடனிருக்கட்டும். நிழற்படமும் வேண்டா, பரிசும் வேண்டா, யார் நன்றாகப் பேசினார் என்ற கேள்வியும் வேண்டா. முடிந்ததும் ஒருவர் குறையை மற்றவர் அன்போடு சொல்லட்டும். பெற்றோராகிய நாம் வெளியே நிற்போம். நிற்பது எளிதன்று. ஆயினும், நாம் பழக வேண்டிய பயிற்சி அதுவே.

அன்று பொன்முடியில் ஒரு மணி நேரத்துக்குப் பின் அறைக்கதவு திறந்தது. சிறுவன் வந்து, "இப்ப வாங்க மாமா, ஆனா சிரிக்கக்கூடாது" என்றான். உள்ளே சென்று அமர்ந்தோம். ஒரு பெண் 'வாழை' என்று சொல்ல முயன்று 'வாளை' என்றாள், எதிர்க்கட்சிப் பெண் மெல்லத் திருத்தினாள், அவள் மீண்டும் சொன்னாள், வாதம் தொடர்ந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே மேகம் விலகவே இல்லை. அகத்தியர்கூடத்தைக் காணாமலே 22 வளைவுகளையும் இறங்கி வீடு திரும்பினோம். மலையைக் காட்டவில்லையே என்று பிள்ளைகள் நம்மைக் குறைகூறவில்லை. நமக்கும் அன்று குறையொன்றும் தோன்றவில்லை.

வளர்க நம் பிள்ளைகள்! அவர்தம் நாவில் வாழ்க தமிழ்!